வேர் முற்றாத முன்பல்லுக்கு எது: கால்சியம் ஹைட்ராக்சைடா, எம்டிஏவா?

மேல் முன்பல் முளைத்து ஏறத்தாழ 3 ஆண்டுகள் கழித்தே அதன் வேர்நுனி மூடுகிறது. அதற்குள் அடிபட்டுப் பற்கூழ் (பல்லினுள் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்திசு) இறந்துவிட்டால், திறந்த நுனியை அடைக்கக் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையையா, எம்டிஏ (மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட்) என்னும் பல் சிமெண்டையா, எதைத் தேர்வது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பெற்றோர் தடுமாறுவதுண்டு.

செலவு: கால்சியம் ஹைட்ராக்சைடு பசை மலிவு, எம்டிஏ சிமெண்ட் விலை கூடியது. ஆயினும் டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து பலமுறை டாக்சி ஏறும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

காலம்: முன்னது பல மாதங்கள் இழுக்கும்; பின்னது ஓரிரு வருகையில் முடியும்.

உறுதி: பசை நெடுநாள் உள்ளே கிடந்தால், ஏற்கெனவே மெல்லிய வேர்ச்சுவர் வலுவிழந்து, பல்லின் கழுத்தருகே முறியக்கூடும். நுனியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை அடைக்கப்படும் எம்டிஏவில் அந்த அச்சம் குறைவு. ஆனால் பல் கருத்துப்போகலாம். இரண்டுமே வேரை நீளச் செய்யமாட்டா.

சீழ் பிடித்த பல்லுக்கு முதலில் சில வாரங்கள் பசை வைப்பது பொருந்தும். சீழ் அடங்கியபின், தவணை தவறாமல் வர இயலாத குடும்பத்துக்கு எம்டிஏவே தகும் என்பேன்.