நிரை அழிக்கும் மேக்ரோவோடு சில சீசன்கள்

திருகோணமலையில் ஒரு மொத்த மீன் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். படகு, மீன், கிலோ, விலை, ஐஸ், மண்ணெண்ணெய்க் கழிவு எல்லாம் ஒரே எக்ஸல் ஷீட்டில் விழும். எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன மேக்ரோ ஒன்று உண்டு; எக்ஸலுக்குள் வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு அது. கிலோ பூச்சியமாக உள்ள நிரைகளை (குறுக்கு வரிசைகளை) அழிக்கும். அப்புறம் ஒவ்வொரு படகின் முடிவிலும் ஒரு நிரையைச் செருகி மொத்தம் போடும். வருடக்கணக்காக இதை ஓட்டியதில் எது பலித்தது என்று சொல்கிறேன்.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், படகுகள் குறைவு. மேக்ரோவும் சட்டென்று முடியும். கடல் அடங்கி சூரையும் பாரையும் குவியத் தொடங்கினால் பிளேன்ரீ குடித்து முடிந்தும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். "தம்பி, இன்னும் முடியேல்லையோ?" என்று முதலாளி எட்டிப் பார்ப்பார். தரவு இரு மடங்கானால் நேரம் அதைவிட எவ்வளவோ கூடும். எரிபொருள் கியூவில் நடுவில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் ஓரடி நகர வேண்டுமே, அதே கதைதான். ஒரு நிரை போனால் கீழே உள்ளதெல்லாம் மேலேறும், சூத்திரங்களின் முகவரி மாறும், திரும்பக் கணக்கிடும், திரையும் புதிதாக வரையப்படும். ஒவ்வொரு நிரைக்கும் இவ்வளவும் நடக்கும்.

எல்லோரும் முதலில் சொல்வது ஸ்கிரீன்அப்டேட்டிங் (திரையைப் புதுப்பித்தல்), ஈவன்ட்ஸ் (மாற்றம் நடந்தால் தானாக ஓடும் கட்டளைகள்) இரண்டையும் நிறுத்து, கல்குலேஷனை மனுவலாக்கு, அதாவது சொன்னால் மட்டும் கணக்கிட வை என்பது. நல்ல பலன் உண்டு, செய்யுங்கள். ஆனால் மேக்ரோ நடுவில் உடைந்தால் மனுவல் அப்படியே நின்றுவிடும், திறந்திருக்கும் மற்ற பைல்களுக்கும் சேர்த்து. மொத்தம் மாறாமல் கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பிழை வந்தாலும் பழைய நிலைக்குத் திருப்பும் வரிகள் கட்டாயம் வேண்டும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. காலையில் வேகமாக ஓடும் மேக்ரோ, பில் அச்சடித்த பிறகு ஊரத் தொடங்கும். தரவு அதேதான், கணினியும் அதேதான். ஷீட்டை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடுகள்: பிரிண்ட் பிரிவியூ பார்த்துவிட்டு வந்தால் தோன்றும் பக்கப் பிரிப்புக் கோடுகள். அவை தெரியும் வரை, ஒவ்வொரு நிரை அசையும்போதும் பக்கம் எங்கே முடிகிறது என்று எக்ஸல் மறுபடி பார்க்கும். மேக்ரோவில் அந்தக் கோடுகளைக் காட்டும் டிஸ்ப்ளேபேஜ்பிரேக்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கினேன், தொல்லை தீர்ந்தது. இந்த ஒரு வரி பலருக்குத் தெரியாது.

கீழிருந்து மேலே அழி என்பார்கள். அது நிரை எதுவும் தப்பிப் போகாமலிருக்கத்தான், வேகத்துக்கு அதை நம்ப வேண்டாம். அழிக்க வேண்டிய நிரைகளை யூனியன் என்ற கட்டளையால் சேர்த்து ஒரே தடவையில் அழிப்பது நல்ல வழி. சிதறிய துண்டுகள் ஆயிரக்கணக்கில் போனால் அதுவும் திணறும். ஓரத்தில் ஒரு நிரலில் (நெடுக்கு வரிசையில்) வரிசை எண் போட்டு, அழிக்க வேண்டியவற்றுக்கு அடையாளமிட்டு, அவை ஒன்றாக வரும்படி சோர்ட் செய்தால் ஒரே கட்டாக வெட்டிவிடலாம். பிறகு வரிசை எண்ணால் பழைய ஒழுங்குக்குத் திருப்பலாம். கட்டங்களின் நிறமும் எழுத்து வடிவமும் கூடவே வரும்.

செருகும் வேலையை நான் அடியோடு விட்டுவிட்டேன். தரவு முழுவதையும் ஒரே தடவையில் அரே (நினைவகத்தில் இருக்கும் அட்டவணை) ஒன்றுக்குள் எடுத்து, வேண்டிய நிரைகளையும் படகு மொத்தங்களையும் இரண்டாவது அரேயில் அடுக்கி, அதை வேறொரு ஷீட்டில் ஒரே தடவையில் இறக்குகிறேன். மூலத் தரவு அசையாது, முதலாளிக்குக் காட்டும் தாள் தனி. இப்போது சீசனிலும் கண் இமைக்குமுன் முடிகிறது. சூத்திரங்கள் வெறும் மதிப்புகளாகிவிடும் என்பதுதான் குறை. எங்கள் பில்லுக்கு அது பரவாயில்லை. உங்களுக்குச் சூத்திரம் வேண்டுமென்றால் சோர்ட் வழியே நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் இழுத்தால் கன்டிஷனல் ஃபார்மட்டிங் (மதிப்பைப் பொறுத்து நிறம் மாற்றும் விதிகள்) பட்டியலைத் திறந்து பாருங்கள். வெட்டி ஒட்டி, செருகிச் செருகி, ஒரே விதி துண்டு துண்டாகப் பெருகியிருக்கும். இன்டைரக்ட், ஆஃப்செட் சூத்திரங்களும் ஒவ்வொரு கணக்கீட்டிலும் சேர்ந்து ஓடும்.

சோதிக்கும்போது ஷீட்டின் பிரதியில் ஓட்டுங்கள். மேக்ரோ அழித்த நிரையைக் கன்ட்ரோல் இசட் திருப்பித் தராது.