எஸ்ஐஆர்என்ஏவா, கிரிஸ்பரா? நுரையீரல் புற்று செல்லின் ஆற்றல் கணக்கைப் பார்க்க

நுரையீரல் புற்று செல்கள் ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை லாக்டேட்டாக்கித் தள்ளும். இதை எந்த மரபணு இயக்குகிறது என்று தேடுபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: மரபணுவின் ஆர்என்ஏவைச் சிதைக்கும் சிறு ஆர்என்ஏவான எஸ்ஐஆர்என்ஏவால் மரபணுவை அடக்கிப் பார்ப்பதா, டிஎன்ஏவை வெட்டும் கருவியான கிரிஸ்பரால் வெட்டியே விடுவதா?

நேரம்: எஸ்ஐஆர்என்ஏ போட்டால் 2, 3 நாளில் அளக்கலாம். கிரிஸ்பரில் ஒற்றைச் செல்லிலிருந்து குளோன் (அதே செல்லின் வழிவந்த செல் கூட்டம்) வளர்க்கவே பல வாரம்.

முழுமை: முன்னது ஆர்என்ஏவைக் குறைக்கும், அவ்வளவுதான், மிச்சப் புரதம் வேலை செய்யும். பின்னது மரபணுவையே முடக்கும். ஆனால் ஆய்வகத்தில் வளர்க்கும் நுரையீரல் புற்று செல் வகையான ஏ549இல் குரோமோசோம்கள் 46 அல்ல, 66 பக்கம். எல்லாப் பிரதியும் வெட்டுப்பட்டதா என்று பார்க்காமல் நம்ப வேண்டாம்.

ஈடுகட்டல்: பலர் கோட்டை விடுவது இதில்தான். வாரக்கணக்கில் வளரும் குளோன் சும்மா இருக்காது. லாக்டேட் தயாரிக்கும் எல்டிஹெச்ஏ நொதி போனால், அதன் உறவு நொதியான எல்டிஹெச்பி லாக்டேட் தயாரிக்கும். மைட்டோகாண்ட்ரியா கூடுதலாக உழைக்கும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி பழையபடி இருப்பதைப் பார்த்து, அந்த மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று எழுதிவிடுவோம்.

செலவு: ஓரிரு சோதனைக்கு எஸ்ஐஆர்என்ஏ மலிவு. திரும்பத் திரும்பச் செய்தால் கணக்கு மாறும்.

ஹிஃப்-1 போன்ற கட்டுப்பாட்டுப் புரதத்தின் உடனடி விளைவு வேண்டுமா, எஸ்ஐஆர்என்ஏ போதும். குறைந்தது இரண்டு வெவ்வேறு எஸ்ஐஆர்என்ஏ வரிசைகளில் செய்யுங்கள். எலியில் கட்டி வளர்ச்சி பார்க்க கிரிஸ்பர்தான், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட குளோன்களோடு. அப்புறம், ஏ549இல், செல்லின் ஆற்றல் சமநிலையைக் காக்க உதவும் எல்கேபி1 மரபணு ஏற்கெனவே செயலிழந்தது. எந்த வழியானாலும் எல்கேபி1 உள்ள ஹெச்1299 என்ற இன்னொரு நுரையீரல் புற்று செல் வகையிலும் ஒருமுறை பாருங்கள்.