எட்டு மாதக் காணிக்கை போயிற்று: ஆராதனையைப் பதிவுசெய்யக் கணினி வாங்கும் சபைகள் கவனிக்கவும்

நேற்று இரவு, ஆராதனைப் பதிவுகளைச் சேமிக்க வாங்கிய எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிஸ்க்கின் உறையைப் பிளந்து பார்த்தேன். உள்ளே பசை தடவி ஒட்டிய ஒரு மெமரி கார்டு. அதன் அளவு 64 ஜிபி. உறையின்மேல் அச்சிட்டிருப்பதோ 2 டிபி, அதாவது 2,000 ஜிபி. எங்கள் சிறிய சபை எட்டு மாதம் சேர்த்த காணிக்கை!

இணையச் சந்தை ஒன்றில், "சபைகளுக்கான முழு செட்" என்று கணினி, கேமராவின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு, எஸ்எஸ்டி மூன்றையும் சேர்த்து விற்றார் ஒருவர். நான் தயங்கினேன். அவரே தொலைபேசியில் அழைத்தார். "ஸ்தோத்திரம் பிரதர், நானும் விசுவாசிதான். ஊழியத்துக்குக் கொடுப்பதில் லாபம் பார்ப்பேனா?" என்றார். எங்கள் சபைக்காக ஜெபமும் செய்தார். நான் கண்களை மூடி ஆமென் சொன்னேன். அன்று மாலையே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

பதினோரு ஞாயிறுகள் குறையில்லாமல் ஓடின. இரண்டு மணி நேர ஆராதனைக்கு ஏறத்தாழ 5.4 ஜிபி; பதினொன்றுக்கு ஏறத்தாழ 59 ஜிபி. பன்னிரண்டாவது ஞாயிறு உயிர்த்தெழுதல் பண்டிகை. ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம். மறுவாரம் அதைத் திரையில் காட்டப் போனால், கோப்பின் பெயர் இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது, திறக்க மட்டும் மறுக்கிறது. இத்தகைய போலிகள் 2 டிபி இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும்படி தயாரிக்கப்படுகின்றன. உண்மையான இடம் தீர்ந்த பிறகும் பதிவாவதாகவே காட்டும். எழுதியது எங்கும் இருக்காது. அந்த ஒன்பது பேரின் குடும்பங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

கணினியும் புதியதல்ல. பாடல் வரிகளைத் திரையில் ஓட்டிக்கொண்டே பதிவுசெய்தால் திணறியது. அதையும் பொறுத்துக்கொண்டிருந்தோம்.

விற்றவர் முதலில் கேபிளை மாற்றச் சொன்னார். பிறகு பதிவுசெய்யும் மென்பொருளான ஓபிஎஸ்ஸை மீண்டும் நிறுவச் சொன்னார். இணையச் சந்தையிடம் முறையிட்டால், திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டதாம், விற்பனையாளரிடமே பேச வேண்டுமாம். அவரோ சந்தையிடம் கேட்கச் சொல்கிறார். ஆறாவது முறை அழைத்தபோது, "மன்னிப்பதுதானே பிரதர் நம் விசுவாசம்?" என்றார். எட்டு மாதக் காணிக்கையை விழுங்கிவிட்டு வேதம் பேசுகிறார்! அதன்பிறகு என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. எந்த டிஸ்க் வாங்கினாலும் முதல் நாளே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற டிஸ்க் சோதிக்கும் மென்பொருள் கொண்டு முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். எத்தனை மணி நேரமானாலும் பரவாயில்லை. திருப்பி அனுப்பும் காலத்துக்குள்ளேயே செய்துவிடுங்கள். பதிவான கோப்பை அன்றே கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பாருங்கள். இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள். ஓபிஎஸ்ஸில் கோப்பு வடிவமாகச் சாதாரண எம்பி4 வேண்டாம், எம்கேவியில் பதியுங்கள்; நடுவில் கணினி நின்றாலும் அதுவரை பதிவானது மிஞ்சும். தொலைபேசியில் யார் ஜெபித்தாலும் பொருளைச் சோதிக்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

நாளை ஞாயிறு. கைப்பேசியில்தான் பதிவுசெய்யப் போகிறேன்.