ஒன்பது டிகிரியில் ஒரு ஈக்குவட்டோரியல் மவுண்ட்

130 எம்எம் டெலஸ்கோப் விலை இறங்கியிருக்கு, ஈக்குவட்டோரியல் மவுண்ட்டோடயே வாங்கிரட்டுமா அண்ணாச்சி என்று ஆரியங்காவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். என்னிடம் இருப்பதும் அதேதான், செங்கோட்டையில் மொட்டைமாடியில் வைத்துப் பார்க்கிறேன். ஈக்குவட்டோரியல் மவுண்ட் என்றால் வானம் சுழலும் போக்கிலேயே டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கி. டெலஸ்கோப்பின் 130 எம்எம் அகலக் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. கூட வரும் 25 எம்எம் ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 26 மடங்கு காட்டும், தேடுவதற்கு அது போதும். 10 எம்எம்மில் கண்ணை ஒட்டிக்கொண்டு பார்க்கவேண்டும், மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்குக் கஷ்டம்.

என் கோபமெல்லாம் மவுண்ட் மேல்தான். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நின்றால்தான் வேலை செய்யும். நம் அட்சரேகை 9 டிகிரி, துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அவ்வளவுதான் ஏறி நிற்கும், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி உயரம். என் மாடியிலிருந்து அந்த உயரத்தில் பக்கத்துத் தோப்புத் தென்னை மட்டைதான் தெரிகிறது. சரி, கண்ணால் பார்க்காமலே வைத்துக்கொள்ளலாம் என்று அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தால், கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக இருப்பதைப் பார்க்கப்போகும்போது டெலஸ்கோப்பைச் சமன்செய்ய மறுபக்கம் மாட்டிய எதிர் எடை நேராகக் கீழே தொங்கி முக்காலியின் வடக்குக் காலில் டங்கென்று இடிக்கிறது, அவ்வளவு நேரம் தேடிப் பிடித்த நட்சத்திரம் ஐபீஸை விட்டே போய்விடுகிறது. இந்த ஊர் வானத்தை நினைத்துச் செய்த பொருளே இல்லை இது.

ஒரு காலைத் தெற்கே திருப்பினால் எடை வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவில் இறங்கும். வடக்கை போன் காம்பஸில் குறிக்கலாம், ஆனால் இரும்புக் காலிலிருந்து தள்ளி நின்று குறிக்கவேண்டும்.

இப்படி அமைந்துவிட்டால் மே மாதம் பாருங்கள். இரவு பத்தரை வாக்கில் சித்திரை நட்சத்திரம் தெற்கே உயரத்தில் நிற்கும். அதை ஐபீஸில் பிடித்து, மற்ற அச்சைப் பூட்டிவிட்டு, டெக்ளினேஷன் அச்சை (வடக்கு தெற்காக நகர்த்துவது) மட்டும் தளர்த்தி 36 டிகிரி கீழே இறக்கினால் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தானாக வந்து நிற்கிறது! 25 எம்எம்மில் வெளிறிய உருண்டை, 10 எம்எம் போட்டால் ஓரமெல்லாம் மணி மணியாகப் பிரிகிறது. 17,000 ஒளியாண்டு தூரம். நமக்கு அது 33 டிகிரி உயரத்தில், டெல்லிக்காரர்களுக்கு 14 டிகிரிதான், லண்டனில் எழவே எழாது. மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் எளிய தாங்கியான டாப்சோனியனில், இரண்டும் நேர் தெற்கே நிற்கும் நேரத்தில் மட்டும்தான் இப்படி ஒற்றை அச்சில் இறக்கலாம்.

அப்புறம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல்தான். ஐபீஸை சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தம்பி, இந்த மவுண்ட் வேண்டாம், டாப்சோனியனே வாங்குங்கள். பழையது கிடைக்குமா என்று என்னிடம் மட்டும் கேட்காதீர்கள், என்னுடையதை நான் தருவதாக இல்லை.