கரூ பாலைவனச் சுற்றுலா: "எல்லாம் சேர்த்து" பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

கேப் டவுன் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது மறுபடியும் அந்த விளம்பரம் சுற்றுகிறது, தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியில் இருக்கும் வறண்ட கரூ நிலப்பகுதிக்கான சுற்றுலா. "கரூ பாலைவன விசித்திரங்கள். மினிபஸ், டிரைவர், கைடு, நுழைவுக் கட்டணம், சைவச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து." டிசம்பர் விடுமுறைக்கு ஆள் சேர்க்கிறார்கள். செப்டம்பர் நீண்ட வார இறுதியில் இதே பேக்கேஜில் குடும்பத்தோடு போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஏஜெண்டின் பெயரை இங்கே போடவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, அதனால் பெயர் அங்கே இருந்தால் போதும். விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு ஆள் யார் என்று தெரியும்.

மதுரையிலிருந்து அப்பா, அம்மா, மாமா, மாமி வந்திருந்தார்கள். டேபிள் மவுண்டன், பென்குயின் எல்லாம் பார்த்தாயிற்று. "பாலைவனம்னா எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துடணும்டா" என்று மாமா ஆசைப்பட்டார். ஏஜெண்ட் தமிழில் பேசினார், கோயிலில் பார்த்த முகம். "தம்பி, பெரியவங்கள என்கிட்ட விட்டுட்டு நீங்க நிம்மதியா இருங்க" என்றார். ஆளுக்கு 6,800 ராண்ட், அதற்கு மேல் குடும்பத்துக்குத் திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை 9,000 ராண்ட். எல்லாம் வங்கி மாற்றலாகத்தான் வேண்டும், கார்டு கிடையாது என்றார். செலவுக் கணக்கை இடம் இடமாகப் பிரித்து ஒரு தாள் கொடுத்தார். அந்தத் தாள்தான் இன்று என் கையில் இருக்கும் முக்கியமான சாட்சி.

முதல் நாள் காலை மினிபஸ் வந்தது, கைடு வரவில்லை. டிரைவர் இருபது வயசுப் பையன், கேப் டவுனில் ரைலண்ட்ஸ் பக்கம். நல்ல பையன், கடைசிவரை மரியாதையாக நடந்துகொண்டான், அவன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கரூவுக்கு முன்பே வரும் வூஸ்டர் ஊரைத் தாண்டி அவன் வண்டி ஓட்டியதே இல்லை என்பது மட்டும் பிற்பாடு தெரிந்தது. கைடு எங்கே என்று கேட்டால், ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவாராம், அதுதான் கைடாம்! தாளில் கைடுக்கு என்று 3,600 ராண்ட் தனியாக இருக்கிறது. கரூவில் பாதி இடங்களில் சிக்னல் கிடையாது. ஆக, 3,600 ராண்டுக்கு இரண்டு குரல் பதிவுகள் கேட்டோம்.

தாளில் முதல் நிறுத்தம் "ரோனீஸ் ஷாப், ஷாப்பிங், நுழைவு ஆளுக்கு 120". மாமி துணிப்பையோடு இறங்கினார். ரூட் 62 சாலையில் பேரிடேலைத் தாண்டி வெள்ளைச் சுவரில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் "ரோனீஸ் செக்ஸ் ஷாப்". பயப்பட வேண்டாம், அது வெறும் மதுக்கடைதான். காய்கறியும் பழமும் விற்கும் கடை போட நினைத்த ஒருவரின் சுவரில் நண்பர்கள் விளையாட்டாக நடுவில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போக, அதுவே பேராகி, உலகம் முழுக்க ஆட்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் இடமாகிவிட்டது. உள்ளே கூரை முழுக்கப் பெண்களின் உள்ளாடைகள் தொங்கும். வருபவர்கள் விட்டுவிட்டுப் போனவை. "இங்க என்னடா விக்கிறாங்க?" என்றார் மாமி. "பீர்" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போய்விட்டார். இடம் ஜாலியான இடம், யாரும் எங்களை நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை. அப்படி ஒரு கட்டணமே இல்லை என்று கல்லாவில் இருந்தவர் சொன்னார். 120 எங்கே போனது?

இதே கணக்குதான் கல்வினியாவில். ஊருக்குள் தெருவோரமாக 6 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒரு சிவப்புத் தபால்பெட்டி நிற்கிறது. பழைய தண்ணீர்த் தொட்டியைத் தபால்பெட்டியாக மாற்றியிருக்கிறார்கள். வேலி இல்லை, வாசல் இல்லை, யார் வேண்டுமானாலும் போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். தாளில் "நுழைவு ஆளுக்கு 80". தெருவில் நிற்கும் தபால்பெட்டிக்கு எந்தப் பக்கமாக நுழைவது?

மைக்கீஸ்ஃபொன்டேனைப் பற்றி மட்டும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறு அந்த ஊரின் மேல் இல்லை. நுரையீரல் கோளாறோடு இருந்த ஜேம்ஸ் லோகன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வறண்ட காற்றுக்காக வந்து தங்கி, ரயில் நிலையத்தை ஒட்டி 1880களில் உருவாக்கிய குட்டி ஊர். லார்ட் மில்னர் ஹோட்டல் 1899இல் கட்டியது, போயர் போர்க்காலத்தில் ராணுவ மருத்துவமனையாகவும் இருந்தது. 1975இல் ஊர் முழுவதையும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். விக்டோரியா காலத்து விளக்குக் கம்பங்கள், சுற்றிலும் ஒன்றுமே இல்லாத பொட்டல், நடுவில் ஒரு சிவப்பு லண்டன் பஸ். அந்த பஸ்ஸில் ஏறினால் வேடிக்கையாகப் பேசிக்கொண்டே ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஊரே ஒரு தெரு என்பதால் ஏறி உட்கார்ந்து சிரித்து முடிப்பதற்குள் இறக்கிவிடுவார்கள். அதுதான் அதன் அழகு. ஏஜெண்டின் தாளிலோ "லண்டன் பஸ்ஸில் அரை நாள் நகர்வலம்" என்று இருந்தது. அந்த அரை நாளை நிரப்ப முடியாமல் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி தூரத்தில் இருக்கும் லேங்ஸ்பர்க்கில் ஒரு வெள்ள அருங்காட்சியகம் இருக்கிறது. 1981 ஜனவரி 25 அன்று வறண்டு கிடந்த ஆறு திடீரென்று பொங்கி 104 பேரைக் கொண்டுபோன ஊர் அது. உண்மையிலேயே நின்று பார்க்க வேண்டிய இடம், அந்த வழியாகத்தான் வந்தோம், தாளில் அது இல்லவே இல்லை.

வானியல் ஆய்வகம் இருக்கும் சதர்லண்ட் ஊரில் நடந்ததுதான் அப்பாவுக்கு மனசு விட்டுப்போன விஷயம். அவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். "தென்னாப்பிரிக்கப் பெருந்தொலைநோக்கி வழியாக இரவில் சனி கிரகம் பார்த்தல், சிறப்பு அனுமதி, ஆளுக்கு 450" என்று தாளில் இருந்ததைத்தான் அவர் முதல் நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஆசிரியருக்கே சந்தேகம் வந்து ஏஜெண்டிடம் கேட்டார். "ஐயா, நம்ம ஆள் உள்ள இருக்காரு" என்று பதில் வந்தது.

யாரும் மறுபடி ஏமாறாமல் இருக்க இதை விவரமாகச் சொல்கிறேன். சால்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தத் தொலைநோக்கி 2005இல் திறக்கப்பட்டது. அறுகோண வடிவில் 91 கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து ஏறக்குறைய 11 மீட்டர் அகலத்துக்கு ஒரே கண்ணாடியாக ஆக்கியிருக்கிறார்கள். தென் அரைக்கோளத்திலேயே மிகப் பெரிய தனி ஒளியியல் தொலைநோக்கி. ஆனால் அதில் கண்ணை வைத்துப் பார்க்க ஓர் ஓட்டையே கிடையாது. ஒளி நேராகக் கருவிகளுக்குப் போகிறது. ராத்திரியில் அது ஆராய்ச்சி வேலையில் இருக்கும், பார்வையாளர்கள் பக்கத்தில்கூடப் போக முடியாது. சால்ட்டை நேரில் காட்டுவது பகல் சுற்றில். இரவுச் சுற்று என்பது பார்வையாளர்களுக்கென்றே வைத்திருக்கும் சின்னத் தொலைநோக்கிகளில் வானம் பார்ப்பது. இரண்டுமே நல்ல நிகழ்ச்சிகள். ஆனால் ஆய்வகத்திடம் முன்கூட்டியே பெயர் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். மேகம் வந்தால் இரவுச் சுற்று நடக்காது. "உள்ளே ஆள்" யாரும் தேவையில்லை, பதிவு இருந்தால் போதும்.

எங்களுக்குப் பதிவு இல்லை. பட்டியலைப் பார்த்த அலுவலர் பொறுமையாக இரண்டு முறை தேடினார், எங்கள் பெயரும் இல்லை, ஏஜெண்டின் பெயரும் இல்லை. விடுமுறை வார இறுதி, எல்லா இடமும் நிரம்பியிருந்தது. ஏஜெண்டுக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. இந்த நாட்டிலேயே மிகக் குளிரான ஊர்களில் ஒன்று சதர்லண்ட், செப்டம்பரிலும் ராத்திரி எலும்பு நடுங்குகிறது. தங்கிய விடுதியின் முற்றத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று, வெறும் கண்ணால் பார்த்தோம். மதுரையில் சித்திரை வைகாசியில் தெற்கே அடிவானத்தை ஒட்டித் தெரியும் திரிசங்கு (தெற்குச் சிலுவை) விண்மீன் கூட்டம் இங்கே தென்மேற்கில் சாய்ந்து பளிச்சென்று நின்றது. அப்பா அதைக் காட்டி மாமிக்குப் பாடம் நடத்தினார். அதற்கு யாருக்கும் 450 ராண்ட் கொடுக்க வேண்டியதில்லை.

இனி டயர் கதை. இதுவரை போனது பணம் மட்டும், இங்கே உயிருக்கே ஆபத்து.

கல்வினியாவிலிருந்து செரிஸுக்கு வரும் ஆர்355 சாலை ஏறக்குறைய 250 கிலோமீட்டர், இடையில் ஓர் ஊர்கூடக் கிடையாது. பெரும்பகுதி கற்சாலை. கல் என்றால் உருண்டைச் சரளை இல்லை, தட்டையான களிப்பாறை, உடைந்த ஓட்டுச் சில்லு மாதிரி விளிம்பு. டயரின் பக்கவாட்டை அது அறுத்துவிடும், ஒட்டுப் போட முடியாது. தெரிந்தவர்கள் இரண்டு உபரி டயர் வைத்துக்கொண்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து, மெதுவாகத்தான் போகிறார்கள். கல்வினியா பெட்ரோல் பங்கில் இருந்தவரே எங்கள் வண்டியைப் பார்த்து, "இதிலேயா?" என்று கேட்டார். டிரைவர் பையன் ஏஜெண்டைக் கூப்பிட்டு, தார்ச்சாலையிலேயே சுற்றிப் போகலாமா என்று கேட்டான். டீசல் கூடுதலாகும், தாளில் போட்ட வழியிலேயே வா என்று அவர் சொன்னதை நானும் கேட்டேன், போன் ஸ்பீக்கரில் இருந்தது.

முதல் டயர் போனது. உபரி டயரை மாட்டினோம். கொஞ்ச தூரத்தில் இரண்டாவதும் போனது. சிக்னல் இல்லை, நிழல் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சைவச் சாப்பாடு என்று பேக்கேஜில் வந்ததெல்லாம் சீஸ் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். மாமி கட்டி எடுத்துவந்த புளியோதரைதான் அன்று காப்பாற்றியது. வெயில் சாயும் நேரத்தில் ஒரு பண்ணைக்காரர் பிக்கப்பில் வந்து, பெரியவர்களை ஏற்றிக்கொண்டு, ரேடியோவில் தகவல் சொல்லி உதவினார். ஒரு காசு வாங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு என்று தாளில் இருந்த டாங்க்வா பாட்ஸ்டால் என்ற சாலையோரக் கடையைக் கடந்தபோது நடு இரவு.

வண்டிக்குள் டிரைவர் தேடிக் கண்டுபிடித்த வாடகை ஒப்பந்தத்தை நான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மினிபஸ் ஏஜெண்டுடையதே இல்லை, சாதாரண வாடகை வண்டி. கற்சாலையில் ஓட்டினால் டயர், முன்கண்ணாடி, அடிப்பகுதிச் சேதம் எதுவும் காப்பீட்டில் சேராது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இது இங்கே வாடகை ஒப்பந்தங்களில் சகஜமான நிபந்தனை. அதாவது அவருக்குத் தெரிந்தேதான் அந்தச் சாலைக்கு அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்த மறுநாள், டயருக்கும் மீட்பு வண்டிக்கும் 11,400 ராண்ட் ஆனது, வைப்புத்தொகை 9,000 அதில் கழிந்தது, மீதியை அனுப்புங்கள் என்று செய்தி வந்தது. கூடவே ஒரு கைகூப்பும் படம்! கேள்வி கேட்டதும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

சரி, என்ன கேட்க வேண்டும்? காசு வாங்கி ஆள் ஏற்றும் வண்டிக்குச் சுற்றுலாப் போக்குவரத்து உரிமம் வேண்டும், டிரைவரின் லைசென்ஸில் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி இருக்க வேண்டும். கைடு என்றால் 2014 சுற்றுலாச் சட்டப்படி பதிவு செய்தவராக, அட்டை வைத்திருப்பவராக இருக்க வேண்டும். படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கான ஆள் அடுத்த நிமிடமே அனுப்புவார். வண்டி யாருடையது, கற்சாலைக்குக் காப்பீடு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆய்வகப் பதிவு எண்ணை வாங்கி, ஆய்வகத்திடமே சரிபாருங்கள். கார்டு வாங்க மாட்டேன் என்பவரிடம் எனக்கு இனி வியாபாரம் இல்லை. கார்டில் கட்டியதை வங்கி மூலம் தகராறு செய்து திரும்பக் கேட்க வழி இருக்கிறது, நாமே அனுப்பிய மாற்றலை அப்படித் திரும்ப இழுக்க முடியாது.

நான் எடுத்த நடவடிக்கை இது. முதலில் 14 நாள் கெடு வைத்து எழுத்தில் கோரிக்கைக் கடிதம். பதில் இல்லை. அப்புறம் சிறு வழக்கு நீதிமன்றம். 2019 முதல் 20,000 ராண்ட் வரை அங்கே போகலாம், வக்கீல் கூடாது, செலவும் மிகக் குறைவு. வைப்புத்தொகை, கைடு, இரவுச் சுற்று, அந்த இரண்டு பொய் நுழைவுக் கட்டணங்கள் என்று மொத்தம் 16,500 ராண்ட் கேட்டிருக்கிறேன். தேதி கொடுத்திருக்கிறார்கள். அழைப்பாணையை அவரிடம் சேர்ப்பித்தாயிற்று.

டிசம்பர் பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் கவனிக்க: 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. நியாயமான ரத்துக் கட்டணம் மட்டும்தான் அவர் பிடிக்கலாம், முழுப் பணத்தையும் அல்ல. இன்னும் நாள் இருக்கும்போது கேட்டால் அந்தக் கட்டணமும் குறைவாகவே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி முடிக்காமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். செப்டம்பரில் எங்களுக்கு முன்போ பின்போ இவரோடு போய் வைப்புத்தொகையை இழந்தவர்கள் தனிச் செய்தி அனுப்புங்கள், நான் எழுதிய கோரிக்கைக் கடிதத்தின் நகலைத் தருகிறேன்.