பிளாக் ஆன ஐடியை ‘உள்ளே ஆள் இருக்கு, திறந்து தருகிறேன்’ என்பவரிடம் ஓடிபி கொடுத்துவிடாதீர்கள்

கொடுங்கையூர், மூலக்கடை, வியாசர்பாடி பக்கம் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். டெலிவரி ஆப்பில் ஐடி (நம் கணக்கு) பிளாக் ஆனவர்களாகத் தேடிப் பிடிக்கும் ஓர் ஆளிடம் 4,300 ரூபாயையும், கைக்கு வர வேண்டிய ஒரு வாரச் சம்பளத்தையும் இழந்தேன். பணம் போனதைவிட, என் பெயரில் வேறொருவன் ஆறு நாள் வண்டி ஓட்டினான் என்பதை நினைத்தால்தான் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

நடந்தது இதுதான். அன்று நல்ல மழை. புளியந்தோப்பில் எடுத்த ஆர்டர், வியாசர்பாடியில் கொடுக்க வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் பெரம்பூர் பக்கமாகச் சுற்றிப் போனேன். முக்கால் மணி நேரம் தாமதம். கஸ்டமர் போனில், கதவருகே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்தேன், போட்டோ எடுத்தேன், கிளம்பினேன். மறுநாள் திங்கட்கிழமை காலை ஆப்பைத் திறந்தால் ஐடி பிளாக். ஆர்டர் வரவில்லை என்று புகாராம்.

அன்றே ஆப்பில் இருக்கும் அப்பீலில் அந்தக் கதவு போட்டோவையும், கஸ்டமரிடம் பேசிய கால் விவரத்தையும் போட்டு அனுப்பினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை சாட்டில் கேட்டாலும் அதே வரிதான். மனுஷன் பதில் சொல்கிற மாதிரியே இல்லை. 5ஆம் தேதி வண்டி டியூ. வீட்டில் சொல்லவும் முடியவில்லை. அந்த ஆள் நம்மைப் பிடிப்பது இந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான்.

புதன்கிழமை மூலக்கடையில் டீக்கடையில் நின்றிருந்தேன். கூட ஓட்டும் ஒரு பையன், “அண்ணே, ஒருத்தர் இருக்கார், ஐடி திறந்து கொடுக்கிறார்” என்று அழைத்துப் போனான். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், நல்லது என்று நினைத்துத்தான் சொன்னான். அந்த ஆள் நிதானமாகப் பேசினார். “தம்பி, கவலைப்படாதே. எனக்கு உள்ளே ஆள் இருக்கு. சனிக்கிழமை உன் ஐடி ஓடும்.” 2,500 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன். ஆதார், பான், லைசென்ஸ் மூன்றையும் போட்டோ எடுத்து வாங்கிக்கொண்டார். அப்புறம் என் போனுக்கு ஓடிபி வரும், சரிபார்ப்புக்காக அதைச் சொல்ல வேண்டும் என்றார். இரண்டு முறை வந்தது. இரண்டையும் சொன்னேன்.

அந்த இரண்டு ஓடிபியில்தான் எல்லாம் போயிற்று. ஒன்று, என் கணக்கில் இருந்த போன் நம்பரை மாற்றுவதற்கு. இன்னொன்று, சம்பளம் விழும் பேங்க் கணக்கை மாற்றுவதற்கு. மெசேஜில் எதற்கான ஓடிபி என்று தெளிவாகவே எழுதியிருந்தது. எண்ணை மட்டும் பார்த்தேன், மேலே இருந்த வரியைப் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, “ஃபைல் மேலே போயிருக்கு” என்று இன்னும் 1,800 வாங்கினார். ஆப் தானாக லாக் அவுட் ஆகியிருந்தது. கேட்டதற்கு, “அப்டேட் நடக்குது, நீ தொடாதே, தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்” என்றார். நானும் தொடாமல் காத்திருந்தேன். சனிக்கிழமை போயிற்று, திங்கள் போயிற்று. போன் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நான் எப்போதும் ஆர்டர் எடுக்கும் பெரம்பூர் பிரியாணிக் கடைக்குச் சும்மா போனேன். கல்லாவில் இருப்பவர் என்னைப் பார்த்து, “என்ன தம்பி, நேற்று உன் பேர்ல ஆர்டர் வந்துச்சு, எடுக்க வேற பையன் வந்தான்?” என்று கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பிறகுதான் முழுதும் புரிந்தது. சனிக்கிழமையே என் ஐடி திறந்துவிட்டது. அதை அந்த ஆள் யாரோ ஒரு பையனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வியாழன் இரவு ஆப் செல்ஃபி கேட்டதும் முகம் ஒத்துப்போகவில்லை, மறுபடி பிளாக். இந்த முறை காரணம், ஐடியை வேறு ஆளுக்குக் கொடுத்தது. முதல் பிளாக்கைவிட இது பத்து மடங்கு மோசம். அந்த ஆறு நாளில் அந்தப் பையன் எங்கேயாவது யார் மீதாவது மோதியிருந்தால் போலீஸ் என் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கும்.

உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு போன் செய்தேன், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தேன். பணம் போனவுடன் போன் அடித்தால்தான் அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். நான் அடித்தது ஒன்பதாவது நாள். கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். நானே அனுப்பிய பணம் என்பதால் பேங்கும் கையை விரித்துவிட்டது. ஆனால் அந்தப் புகார் எண் வீண் போகவில்லை. அதைக் காட்டி போலீஸ் ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். இரண்டையும், ஓடிபி மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொண்டு ரைடர்களுக்கான ஆபீசுக்கு நேரில் நான்கு முறை போனேன். 31ஆவது நாள் ஐடி திரும்பக் கிடைத்தது.

அங்கே ஒருவர் திரையைப் பார்த்துச் சொன்னதை மறக்க முடியாது. “முதல் பிளாக்கை நீங்க அனுப்பின கதவு போட்டோவை வச்சுதான் எடுத்திருக்காங்க.” உள்ளே ஆளும் இல்லை, ஃபைலும் இல்லை. திங்கட்கிழமை நான் சொந்தக் கையால் அனுப்பிய அப்பீல் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் புதன்கிழமை போய்ச் சாவியைக் கொடுத்திருக்கிறேன்.

பிளாக் ஆனால் ஆர்டர் எண், நேரம், போட்டோ, கால் விவரம், நடந்ததைப் பற்றி நான்கு வரி, இவ்வளவு போதும். தமிழிலேயே எழுதலாம். அப்பீலுக்குக் கிடைக்கும் டிக்கெட் எண்ணைக் குறித்து வையுங்கள், ஆபீஸ் போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். கதவருகே வைக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் வீட்டு எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஏற்கெனவே ஆதாரைக் கொடுத்து ஏமாந்திருந்தால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று இன்றே பாருங்கள், ஆதாரின் அதிகாரப்பூர்வ ஆப்பில் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டுங்கள். நான் இரண்டையும் செய்தேன். நல்லவேளை, என் பெயரில் அந்த ஆள் புது சிம் எதுவும் வாங்கியிருக்கவில்லை.

கர்நாடகத்தில் கிக் தொழிலாளர்களுக்காக (நம்மைப் போல ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்காக) 2025இல் வந்த சட்டம், காரணத்தை எழுத்தில் சொல்லி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் பொதுவாக வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்கிறது. இங்கே தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கு 2023இல் நல வாரியம் வந்தது, அதில் பதிவு செய்யுங்கள். ஆனால் அந்த 14 நாள் நமக்கும் வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே ராத்திரியில் பிளாக் ஆவதால்தான் இந்த மாதிரி ஆட்களுக்கு வியாபாரம் நடக்கிறது.

அந்த ஆள் நம்பரை மாற்றிவிட்டார், தொழிலை மாற்றவில்லை. போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு கடை வாசலில் ஆர்டருக்கு நின்றபோது, பக்கத்தில் ஒரு பையன் போனில் “அண்ணே, 2,500 இல்ல, 2,000 வச்சுக்கோங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். போனை வாங்கிக் கட் செய்தேன். அவன் ஐடி முந்தின நாள்தான் பிளாக் ஆகியிருந்தது. என் ஆர்டர் ஆறினாலும் பரவாயில்லை என்று, அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அவன் அப்பீலை இருவரும் சேர்ந்து டைப் செய்து அனுப்பினோம்.