முதியோர் நலத்தில் 'மாஸ்டர்ஸ்': பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மக்கள்தொகை நலம், முதுமையியல் என்று முதுகலைப் படிப்புகளுக்கு இப்போது விளம்பரங்கள் குவிகின்றன. தேவை உண்மைதான். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாடு முழுவதற்கும் 8.6தான். இந்தக் கணக்கை முதல் ஸ்லைடில் போட்டுக் காட்டித்தான் என்னிடம் 1,85,000 ரூபாய் வாங்கினார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். "வேலையை விட வேண்டாம் மேடம், வார இறுதியில் ஆன்லைன் வகுப்பு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம்" என்றார் கவுன்சலர். புகார் நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை.

கட்டணத்துக்கு மேல் 'ஆய்வுத் தரவு அனுமதி' என்று 18,000 ரூபாய் தனி ரசீது. அந்தத் தரவு என்ன தெரியுமா? லாசி. 2017-18இல் 45 வயதைத் தாண்டியவர்கள், அவர்களின் கணவன் அல்லது மனைவி என எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, ரத்த அழுத்தம் முதல் கைப்பிடி வலிமை வரை அளந்து எடுத்த தேசிய ஆய்வு. மும்பையில் 1956 முதல் இயங்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்தான் அதை நடத்தியது. அவர்களிடம் படிவம் நிரப்பிக் கேட்டால் மாணவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதைத்தான் எனக்கு ஒரு பென் டிரைவில் போட்டு விற்றார்கள்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லைடை வாசிப்பார்கள்; மூலையில் யாருடைய லோகோவையோ வெள்ளைக் கட்டம் வைத்து மறைத்திருப்பார்கள். வயதுவாரியாக இறப்பையும் மீதமுள்ள ஆயுளையும் காட்டும் வாழ்நாள் அட்டவணையில் இறப்பு நிகழ்தகவை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டேன். "அது எக்ஸாமுக்கு வராது" என்று பதில். மக்கள்தொகையியலில் இதுகூட வராது என்றால் வேறு எதுதான் வருமோ!

களப்பணி என்று ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு கேள்வித்தாள்: தானாகச் சமைக்கிறாரா, கடைக்குப் போகிறாரா, பணத்தை நிர்வகிக்கிறாரா. தன் வீட்டில் வாழும் முதியவருக்கு இது பொருந்தும். இல்லத்தில் இருப்பவருக்கு? பல வருஷம் கல்யாணச் சமையல் செய்த ஒரு பாட்டி சிரித்துவிட்டார். "சமைக்கத் தெரியாமலா? இங்க அடுப்பாங்கரைக்குள்ள விட்டாத்தானேம்மா?" முடியாததற்கும் அனுமதி இல்லாததற்கும் அந்தத் தாளில் ஒரே மதிப்பெண். அப்படியே நிரப்பினால் அந்த இல்லத்தில் அத்தனை பேரும் செயலிழந்தவர்கள் ஆகிவிடுவார்கள். இதை எடுத்துச் சொன்னதற்கு, "காலியாக விடாதீர்கள், ஏதாவது ஒன்றை டிக் செய்யுங்கள்" என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்தத் தரவை வைத்து ஆய்வேடு எழுதச் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

கடைசியில் சான்றிதழ் வந்தது. அதில் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. 'திட்டத்தை நிறைவு செய்தார்', அவ்வளவுதான். கேட்டால், "டை-அப் புதுப்பிப்பில் இருக்கிறது" என்கிறார்கள். அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆன்லைனில் பட்டம் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களைப் பற்றி பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. பிஎச்.டி.க்கோ அரசு வேலைக்கோ இந்தக் காகிதம் உதவாது.

இந்தியப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டம் என்று யாராவது சொன்னால், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படிப் பட்டியலில் உள்ள படிப்பில் சேர, டெப் ஐடி என்ற எண்ணை மாணவரே அந்தத் தளத்தில் எடுக்க வேண்டும். என்னிடம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அப்புறம், மக்கள்தொகையியலும் புள்ளியியலும் நடத்தப்போவது யார் என்று பெயர் கேளுங்கள். "இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட்ஸ்" என்று மழுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பாதிப் பணம் தருகிறோம், எங்களைப் பற்றி இணையத்தில் போட்ட பதிவுகளை நீக்குங்கள் என்று நேற்று போன் செய்தார்கள். முழுத்தொகையும் எழுத்தில் உறுதியும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இதே பாணியில் ஏமாந்தவர்கள் ரசீதையும் கவுன்சலர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். என் புகாரில் எடுபட்டது அவைதான்.